சத்தம் மட்டும் வந்த சேனல்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, சலிப்பினால். செராமிக் பொம்மைக் கம்பெனியில் என்னோடு உட்கார்ந்து வண்ணம் அடிக்கிற பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதைகளைத்தான் பேசுவார்கள். மணிமுத்தாற்றங்கரையில் பார்த்தேன், ரயில்வே கேட்டுக்கிட்டே பார்த்தேன் என்று ஒருத்தி தொடங்கினால் போதும், நான் டப்பாவைக் கழுவ எழுந்துவிடுவேன். அதனால் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் பெயர் செல்வராசு. விருத்தாசலத்தில் செராமிக் சூளையில்தான் வேலை, பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளைச் சுட்டு எடுக்கிற இடம். போன கோடையில் ஒருநாள் வேலை முடிந்து வந்தார், சாப்பிட்டார், கொஞ்சம் படுக்கிறேன் என்றார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், அதில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள், நான் யாருக்கு டீ போகவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 'கல்லு மாதிரி நிக்கிறா பாரு' என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது, அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பக்கமாகப் படுத்துக் கை மரத்துப்போனால், கிள்ளினால்கூட வேறு யாருடைய கையோ போல இருக்குமே, எனக்கு ஆள் முழுக்க அப்படி இருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். சாப்பிட்டேனா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்கா கஸ்தூரி அண்ணி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காரியத்துக்கு வந்தவர் அப்படியே என்னோடு தங்கிவிட்டார். அம்மாவும் அப்பாவும் சின்ன வயதிலேயே போய்விட, தம்பியை வளர்த்ததே அண்ணிதான். அவரும் தனி ஆள்தான். என்னால் பேச முடியவில்லை, அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை. கேபிள் கனெக்‌ஷன் எப்போதோ போய்விட்டது, டிவி சும்மா தூசி படிந்து கிடந்தது.

"வூட்ல ஒரு பேச்சு சத்தமாவது வேணும் வசந்தா. எனக்குக் காத அடைச்சிக்கிட்டு வருது" என்றார் ஒருநாள்.

அப்படித்தான் அந்த இலவச டிஷ் பெட்டி வந்தது. மாசாமாசம் பணம் கட்ட வேண்டாம், ஒருதரம் வாங்கி மாட்டினால் போதும் என்று மங்கலம்பேட்டை ஜப்பார் பாய் கொண்டுவந்து மாட்டினார். வெளிநாட்டில் ரொம்ப காலம் இதே வேலை பார்த்தவர். மாடியில் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, "கோடு ஏறுதா அக்கா? இப்ப? இப்ப?" என்று மேலிருந்து கத்தினார், கீழே டிவியில் சிக்னல் கோட்டைப் பார்த்து நான் பதில் சொன்னேன். அவர் போன பிறகு அண்ணிக்கு ஒரே ஏமாற்றம். தமிழ் சேனல் கொஞ்சம்தான் வந்தது, மற்றதெல்லாம் இந்தி. ஆனால் அண்ணி அதையும் விடவில்லை. இந்தி நாடகத்தைப் பார்த்து, "இவதான் அவன் மொதல் பொண்டாட்டி, இவ நல்லவ இல்ல" என்று அவராகவே ஒரு கதை கட்டிச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு இந்திதான் பிடித்திருந்தது. புரியாத பேச்சு என்றால் கேட்க வேண்டாம் அல்லவா?

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் பெய்த மழை ஈரம் இன்னும் காயவில்லை, பகல் பதினொரு மணி இருக்கலாம். அண்ணி மோட்டாரைப் போட்டுவிட்டு, "தண்ணி ஏறல போல, நான் போயி பாக்கறேன்" என்று பின்பக்கம் போனார். மோட்டாரின் சுவிட்சு சமையலறைக்குள், வாசல் ஓரமாக இருக்கிறது. மோட்டார் மட்டும் வெளியே, கிணற்றடியில். நான் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனேன். பாட்டு, பஜனை, செய்தி, மறுபடியும் பாட்டு. எல்லாம் முடிந்த பிறகு திரை கறுப்பாகிவிடும், 'சிக்னல் இல்லை' என்று எழுத்து வரும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்கும். அன்றைக்குக் கறுப்பானது, எழுத்து வரவில்லை. பெயரும் வரவில்லை, நம்பரும் வரவில்லை.

சத்தம் மட்டும் வந்தது. நம்பினால் நம்புங்கள், அது ஒரு அறையின் சத்தம். எப்படிச் சொல்வது? ஃபேன் சுற்றுகிறது. யாரோ உட்கார்ந்திருக்கிறார், கோரைப்பாய் லேசாக உரசுகிறது. தொண்டையைக் கனைக்கிறார். தூரத்தில் ஒரு கதவு. நான் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் அது எனக்கு நன்றாக இருந்தது. அந்த அறையில் இருந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

அப்புறம் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வசந்தா, மோட்டார நிறுத்தும்மா."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, பக்கத்து அறையிலிருந்து சாதாரணமாகச் சொல்வதுபோல. நானும் சாதாரணமாக எழுந்தேன். இத்தனை வருடம் இந்த வீட்டில் யார் மோட்டாரை நிறுத்து என்றாலும் நான்தானே போய் நிறுத்துவேன், கால் தானாகவே போயிற்று. சுவிட்சை அணைத்தேன், பின்பக்கம் பொத்தென்று ஏதோ விழுந்தது, அதைக்கூடக் காதில் வாங்காமல் திரும்பி வந்தேன், உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், யார் சொன்னது என்று ஒரு நினைப்பு மெதுவாக வந்தது. பின்பக்கம் விழுந்த சத்தமும் அப்போதுதான் உறைத்தது.

ஓடினேன். அண்ணி கிணற்றடிச் சேற்றில் மல்லாக்கக் கிடந்தார். கண் திறந்திருந்தது, வாய் கோணியிருந்தது, வலது உள்ளங்கை கறுத்துப்போயிருந்தது. ஈரக்கையோடு மோட்டாரைத் தொட்டிருக்கிறார், கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது. கத்த முடியாதாம், அப்படிப் பிடித்தால் வாயே வராதாம், பிறகு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மோட்டார் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ஆளே இருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அப்போதும் எனக்குப் பதற்றம் வரவில்லை, பாருங்கள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அண்ணி கேட்டார்.

"நான் கத்தவே இல்லியே வசந்தா. எப்டித் தெரிஞ்சி நிறுத்துன?"

"அவரு சொன்னாரு அண்ணி."

"யாரு?"

"உங்க தம்பிதான். டிவியில."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை அந்தச் சேனலைத் தேடியதுதான். கிடைக்கவில்லை. கடைசிக்குப் போனால் 'சிக்னல் இல்லை' என்று எப்போதும்போல எழுத்து வந்தது. ஜப்பார் பாயை வரச்சொன்னேன். அவர் எல்லாச் சேனலையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தேடவைத்தார். அதே இந்தி, அதே பஜனை.

"அக்கா, இது பழைய ஆன்டெனா கெடையாது" என்றார். "அதுலன்னா இரைச்சல் வரும், எங்கேருந்தோ பேச்சு சத்தம்லாம் கலந்து வரும். இது டிஜிட்டலு. வந்தா முழுசா வரும், இல்லன்னா ஒண்ணுமே வராது. நடுவுல எதுவும் கெடையாது."

"அப்ப நான் கேட்டது என்னா பாய்?"

"என்னா கேட்டீங்க?"

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. டீயை நின்றபடியே குடித்துவிட்டு, "அண்ணிய நல்லாப் பாத்துக்கங்க, போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டார். இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால் அண்ணியை விசாரிப்பார். டிவி எப்படி இருக்குது என்று மட்டும் இதுவரை கேட்டதே இல்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பரவாயில்லை. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றில் உப்பு கம்மியாக இருந்தால் தெரிய ஆரம்பித்தது. கம்பெனியில் ஒருத்தி ஏதோ சொன்னதற்குச் சிரித்துக்கூட விட்டேன். அவர் எங்கேயோ ஓர் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார், இந்த வீட்டில் நடப்பது அவருக்குத் தெரிகிறது, அது போதும் என்று இருந்தது.

அண்ணியின் கை ஆற ரொம்ப நாளாயிற்று. தை மாசத்தில் ஒருநாள் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். அவருக்கு வலது கை விரல்கள் முழுசாக மடங்காது, இடது கையாலேயே உரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று சொன்னார்.

"அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுது வசந்தா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மோட்டாரு பிடிச்சிக்கிச்சில்ல, அப்ப வேற ஒண்ணுமே கேக்கல, சன்னல் வழியா அது மட்டும் தெளிவா கேட்டுது. நீ மனசு தேறி வர்றியேன்னு நான் வாயத் தொறக்கல. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல."

"சொல்லுங்க அண்ணி."

"அது என் தம்பி கொரலு இல்ல."

கையிலிருந்த மொச்சை கையிலேயே இருந்தது.

"எங்க அப்பா கொரலு. தூக்கத்துல கேட்டாக்கூட எனக்குத் தெரியும். நீயே யோசிச்சிப் பாரு, என் தம்பி உன்ன என்னைக்காவது 'ம்மா' போட்டுக் கூப்ட்டிருக்கானா?"

யோசித்தேன். இல்லை. 'வசந்தா' என்பார், கோபம் வந்தால் 'ஏய்' என்பார். 'ம்மா' இல்லை. என் மாமனார், என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனவர். என்னைப் பார்த்ததில்லை. எனக்கு அவர் முகம்கூடத் தெரியாது, வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. அவருக்கு என் பெயர் எப்படித் தெரியும்? மகளைக் காப்பாற்ற நினைத்தவர் மகளைக் கூப்பிடாமல் என்னை ஏன் கூப்பிட்டார்? இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்.

"அப்ப உங்க தம்பி எங்க அண்ணி?"

அண்ணி, உரித்த மொச்சையை முறத்தில் தள்ளித் தள்ளி ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, அண்ணி அதில் இந்தி நாடகம் பார்க்கிறார். எனக்கு இப்போது ஒரே ஒரு தொந்தரவுதான். என் வீட்டுக்காரருடைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் டிவியில் வந்த அந்தக் குரல்தான் வருகிறது, வேறு வருவதில்லை. அது அவருடையதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது, வர நேரமாகும் என்று அவர் பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று என் போனில் கிடக்கிறது. ஒருதரம் அழுத்திக் கேட்டால் முடிந்தது.

கட்டைவிரலைப் பக்கத்தில் கொண்டுபோவேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.