பல்லுக்கு இரண்டு கோட்டிங்

"வெள்ளை விஷயத்துல எனக்குச் சொல்லித்தர இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்று பெயிண்ட் கடைக்காரர் ஒருமுறை திருவாய் மலர்ந்தருளினார். கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். ஆனாலும் பேச்சில் பொய்யில்லை. கலர் கலக்கும் மெஷின் முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்றவர். பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை என்று பதினேழு வெள்ளைகளை வெறுங்கண்ணால் பிரித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரின் நிம்மதி, சகலையின் வாய் வழியாகப் போனது. மனைவியின் தங்கை கணவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், போன மாதம் வரை டீக்கறைப் பல்லர், மாமனார் வீட்டில் வைத்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நம்மவர் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிட்டார்: முத்து வெள்ளை. தன்னுடையது? தந்த வெள்ளை, அதுவும் பழைய ஸ்டாக். "மாப்பிள்ளை சிரிச்சா வீடே வெளிச்சமாயிடுது" என்றார் மாமியார். எந்த மாப்பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு மாமனார், இரண்டு வாரம் கழித்து மொட்டைமாடியில் குடும்பப் படம் எடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஹாலில் மாட்டப்போவதாக அறிவித்தார். இரண்டு வெள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில், ஆயுசுக்கும்!

மறுநாளே சகலை போன அதே பல் டாக்டரிடம் போனார். பல்லுக்கு அளவெடுத்துச் செய்த உறையும், அதில் வைத்து மாட்ட வேண்டிய பல் வெளுக்கும் ஜெல்லும், செய்முறைத் தாளும் நாலைந்து நாளில் கைக்கு வந்தன. தாளைப் படிக்கவில்லை. எத்தனை சுவரைப் பார்த்தவர், பல் எம்மாத்திரம்? அந்தத் தாளால் பெயிண்ட் டப்பா மூடியைத் துடைத்துப் போட்டார்.

பிறகு தொழில் முறைப்படி இறங்கினார். பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால் முதலில் பரப்பை உரசியாக வேண்டும். முரட்டு பிரஷ்ஷால் ஈறு சிவக்க உரசினார். அப்புறம் உறை வழிய ஜெல். அரை மணி போதும் என்று டாக்டர் சொன்னதை, கஞ்சனின் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வைத்தார். எந்த வெள்ளையும் ஒரே கோட்டிங்கில் நின்றதில்லை என்பதால், மாலையில் இரண்டாவது கோட்டிங்.

மூன்று நாளில் பல் கொஞ்சம் வெளுத்தது. ஆளோ முழுதாக வெளுத்துப்போனார். தண்ணீர் பட்டால் உச்சி வரை சுரீர் என்றது. கடையில் ஃபேன் காற்றுக்குப் பயந்து, உதட்டைப் பிரிக்காமலே வியாபாரம் பார்த்தார். நீலம் கேட்டவருக்குப் பச்சை போனது. டாக்டரோ வெளியூர், வரப் பத்து நாள் ஆகுமாம். படத்துக்கு இன்னும் ஐந்தே நாள். மொட்டைமாடிக் காற்றில் தான் வாயை மூடிக்கொண்டு நிற்க, பக்கத்தில் அந்த மனுஷன் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தபோது, பல் கூச்சத்தைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"உங்க சகலையக் கேட்டா என்ன, கிரீடம் இறங்கிடுமா?" என்றாள் மனைவி.

இறங்கியது. போன் போட்டார். மறுமுனையில் சகலை பல் தெரியச் சிரிப்பது காதிலேயே தெரிந்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னார். முதலில் ஜெல்லை நிறுத்தணும். பல் கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை மெத்தென்ற பிரஷ்ஷில் வைத்து மெல்லத் தேய்க்கணும். ஐஸும் வேண்டாம், கொதிக்கிற டீயும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம்; வெதுவெதுப்பான தண்ணீர்தான். கூச்சம் அடங்கின பிறகு, ஒரு பல்லுக்கு ஒரு பொட்டு ஜெல், ஈறில் வழிந்தால் துடைத்துவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி. அப்பவும் வலித்தால் டாக்டரிடம்தான் போகணும்.

"நானும் முதல்ல உறை நிறைய ஜெல்லை அப்பிட்டு அழுதவன்தான், சகலை" என்றார் கடைசியில். நம்மவருக்கு அன்றைக்கு ஏனோ நல்ல தூக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் காற்று வீசியது. படக்காரர் சிரிக்கச் சொன்னார். நம்மவர் முதலில் ஓரமாக ஒரு பல்லை மட்டும் திறந்து பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. மொத்தத்தையும் திறந்தார். சகலையின் வெள்ளை இன்னும் இரண்டு படி மேலேதான் இருந்தது, கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

படம் எடுத்து முடிந்து எல்லாரும் கீழே இறங்கினார்கள். அவர் மட்டும் படிக்கட்டில் சகலையின் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, சன்னமாகக் கேட்டார்.

"திரும்ப எப்ப ஆரம்பிக்கலாம், சகலை? நீங்களே பாத்துச் சொல்லுங்க."