விடுதிக்குக் கொண்டுபோன தோல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் யாருடைய பிறப்பையும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்கவில்லைதான். எங்கள் அண்ணன் அங்கே சேர்ந்து, விடுதியில் பெட்டியை இறக்கி, எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டபோது ஒருவரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருமையை அவர்கள் இன்றைக்கும் அச்சடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் மகளுக்கு அங்கே இடம் கிடைத்து, போன வாரம் வந்த புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது.

மகள் பெட்டி அடுக்கும்போது, என் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஆட்டுத்தோலை எடுத்துத் துணிகளுக்கு மேல் வைத்தாள். படிக்கிற மேசையில் விரித்துக்கொள்ள நன்றாக இருக்குமாம். நான் எடுத்து வெளியே வைத்தேன். அவள் மறுபடி வைத்தாள்.

"மாமாவோடதுதானே? அவரே எடுத்துக்கச் சொன்னாரும்மா."

நான் மறுபடி எடுத்தேன். ஒரு தோலுக்காகவா இப்படி நடுங்குவது என்று என் கணவர்கூடச் சிரித்தார். வாயால் சொல்ல வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டி எங்கள் சேரி. சேரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நைனா அந்த ஷாப்பில் மேஸ்திரி. சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கும் தோலை எப்போது வெளியே எடுப்பது, ஆவாரம்பட்டைத் தொட்டியில் எப்போது இறக்குவது என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் நடக்கும். பட்டையின் பழுப்பு அவர் நகக்கண்களில் ஏறிப்போயிருந்தது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அது மட்டும் போகாது.

அண்ணன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, வேலூரில் இன்டர்மீடியட் முடித்திருந்தான். தெற்கே நெல்வயல்களுக்கு நடுவில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் திறந்திருந்தார்கள். திறப்பு விழாவில் அதை நிறுவியவர் பேசியது பத்திரிகையில் வந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம், ஷாப்பு ஆட்கள் ஈரக்காலோடு எங்கள் வாசலில் உட்கார்ந்திருக்க, அண்ணன் அதை வாசித்துக் காட்டினான். இது ஒரு தனி மனிதனின் சொத்தல்ல, பொதுஜனங்களின் சொத்து. இங்கே வருகிறவனிடம் என்ன தெரியும் என்று கேட்போமே தவிர யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கமாட்டோம். எல்லா மாணவர்களும் ஒரே கூடத்தில், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள்.

"இரு, இரு. கடைசியா சொன்னியே, அத்த இன்னொரு தபா படி," என்றார் பட்டை இடிக்கிறவர்.

அண்ணன் படித்தான்.

"எல்லாம் சர்தான். கொழம்பு ஊத்தறவன் இத்தப் படிச்சானா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏன் மேஸ்திரி, உம் புள்ள பி.ஏ. முட்சிட்டு வந்தா எங்கள வூட்டுக்குள்ள வுடுவானா?"

"மொதல்ல நீ குளிச்சிட்டு வா. அப்பறம் யோசிக்கலாம்," என்றார் நைனா.

அண்ணன் கிளம்பும்போது, "நீ அங்க வரவேணாம் நைனா. பொங்கலுக்கு நானே வர்றேன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அலைச்சல் வேண்டாம் என்று பிள்ளை அக்கறையாகச் சொல்வதாக நைனா எடுத்துக்கொண்டார். நானும்தான்.

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தொட்டி கட்டி அதில் முதல் சரக்கு பதமாகி வந்தால், நல்லதாக ஒரு ஆட்டுத்தோலைத் தனியே எடுத்து, மதிக்கத்தக்க ஒருவருக்குக் கொடுப்பார்கள். முன்பு ஒருமுறை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குக் கொடுத்தார்கள். அவர் அதைத் தன் நாற்காலிக்குப் போட்டுக்கொண்டார். இன்னொருமுறை பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாருக்குப் போனது. அவர் தன் அகராதிக்கு அட்டை போட்டு, பிள்ளைகள் எல்லாருக்கும் காட்டினார். தோலைக் கையில் வாங்கியவர்கள் முகம் மலர்ந்ததை மட்டுமே நைனா பார்த்திருக்கிறார். அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

அந்தக் கார்த்திகையில் புதுத் தொட்டியின் முதல் சரக்கு வந்தது. பிள்ளைக்கு இடம் கொடுத்த விடுதிப் பெரியவருக்கு ஒரு தோல் கொண்டுபோகலாமா என்று நைனா முதலாளி பாயிடம் கேட்டார்.

"எடுத்துக்கோ மேஸ்திரி. ஆனா கம்மியான சரக்கக் குடுத்து நம்ம ஷாப்பு பேரக் கெடுக்காதே," என்றார் பாய்.

நைனா பாதி நாள் தேடி ஒன்றை எடுத்தார். கடுக்காய்ச் சாயம் கண்டு, புங்கெண்ணெய் தடவி, தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. அம்மா அதை வெள்ளைத் துணியில் கட்டினாள். நான் அழுது அடம்பிடித்ததால் என்னையும் அழைத்துப் போனார். காட்பாடியில் வண்டி மாறிப் போனோம்.

அண்ணன் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டான். கோட்டு போட்டிருந்தான். வகிடு மாறியிருந்தது. அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. ஓடிவந்ததால் என்று நினைத்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வேகவேகமாக எல்லாவற்றையும் காட்டினான். புத்தகசாலையில் கூரை வரைக்கும் புத்தகம். மேல்தட்டுப் புத்தகத்தை எடுக்கச் சக்கரம் வைத்த ஏணி. என்னை அதில் ஏற்றி ஒரு தள்ளு தள்ளினான். மணிக்கூண்டு, பந்து விளையாடும் புல்வெளி, புதுச் சுண்ணாம்பு வாசம் போகாத வகுப்பறைகள். ஒரு வேப்பமரத்தடியில் நாலைந்து மாணவர்கள் இங்கிலீஷில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனிதர்கள் எல்லாரும் சமம் என்பது விஞ்ஞானமா, வெறும் ஆசையா என்று வாதம் நடப்பதாக அண்ணன் சொன்னான். அதில் ஒருவன் என்னைப் பார்த்து, "என்னம்மா, நீயும் பரீட்சை எழுத வந்தியா?" என்று கேட்டு, பையிலிருந்து வேர்க்கடலை எடுத்துக் கொடுத்தான்.

நைனாவுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. "சாப்புடற எடத்தக் காட்டு," என்றார்.

நீளமான கூடம். இரண்டு பக்கமும் பாய் விரித்திருந்தது. நைனா வாசற்படிக்கு வெளியேயே நின்றுவிட்டார்.

"நீ எங்க உக்காருவே?"

"இங்க யாருக்கும் தனியா எடம் கெடையாது நைனா. மொதல்ல வந்தவன் மொதல்ல உக்காருவான்."

"பக்கத்துல?"

"யாரு வேணா."

நைனா நெடுநேரம் அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இத்தச் செஞ்ச மனுசனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் வருவேன்," என்றார்.

"வார்டன் வேலையா இருப்பாரு. வா நைனா, வண்டிக்கு நேரமாவுது."

"அவரு எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. வார்டனே தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். அவர் அங்கே ஒரு பேராசிரியரும்கூட. நைனா குனிந்து கும்பிட்டு, துணிக்கட்டை இரண்டு கையாலும் நீட்டினார். வார்டன் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினார். சால்வை என்று நினைத்திருப்பார். முடிச்சை அவிழ்த்தார். தோல் அவர் விரலில் பட்டதும் கட்டு அப்படியே தரையில் விழுந்தது.

"என்ன இது?"

"ஆட்டுத்தோலுங்க சாமி. புதுத் தொட்டி, மொதச் சரக்கு."

வார்டன் கைகளை அங்கவஸ்திரத்தில் துடைத்தார். பிறகு அந்த அங்கவஸ்திரத்தையும் தோளிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை நைனாவின் விரல்களில் போய் நின்றது. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இது யாருப்பா?"

இது. இவர் அல்ல, இவன்கூட அல்ல.

நைனா அந்த நொடியில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அண்ணன் வாயைத் திறக்கும் முன், ஓரடி பின்னால் நகர்ந்து, துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு அவரே பேசினார்.

"நானு ஷாப்புல வேல செய்ற ஆளுங்க சாமி. மொதலாளி குடுத்தனுப்புனாரு. தம்பி மொதலாளிக்குத் தெரிஞ்ச வூட்டுப் புள்ள. எனக்கு ஒண்ணும் ஒறவு இல்லீங்க."

நைனா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் இப்படி ஒரு பொய்.

வார்டனின் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அவர் நம்பியிருக்க முடியாது. அண்ணனுக்கும் நைனாவுக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. ஆனாலும் அவருக்கு அந்தப் பொய் போதுமாக இருந்தது. "அப்படியா? வேலைக்கார ஆளா? அதைச் சொல்றதுக்கென்ன," என்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். அவர் அப்படியே போயிருந்தால் மத்தியானம் அண்ணனின் இலை கூடத்தில் விழுந்திருக்கும்.

அண்ணன் அங்கே போன பிறகு நன்றாகத் திருத்திப் பேசக் கற்றிருந்தான். அன்று அவன் வாயில் எங்கள் வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"இவரு எங்க நைனா, சார்."

"தம்பி..." என்றார் நைனா.

"என்னப் பெத்த நைனா சார். அது என் தங்கச்சி."

வார்டன் கோபப்படவில்லை. கத்தவில்லை. ஏமாந்துபோனவர் மாதிரி நின்றார். "ஒரே பந்திங்கறது யாரும் கேக்காம, யாரும் சொல்லாம இருந்தாத்தான்பா நடக்கும். நாங்க கேக்கலியே. நீயா எதுக்குச் சொன்னே?" என்றார். உண்மையிலேயே அவருக்கு வருத்தம்போலத்தான் இருந்தது.

அண்ணன் குனிந்து தோலை எடுத்து, தூசி தட்டி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

அவனை யாரும் வெளியே அனுப்பவில்லை. விதி ஒன்றும் மாறவில்லை. அன்று மத்தியானத்திலிருந்து, படிப்பு முடியும்வரை, அவன் இலை சமையற்கட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் விழுந்தது. வேப்பமரத்தடியில் சமத்துவத்தைப் பிய்த்துப் பார்த்தவர்களில் ஒருவன்கூடத் தன் இலையைத் தூக்கிக்கொண்டு அங்கே வரவில்லை, எனக்கு வேர்க்கடலை கொடுத்தவன் உட்பட. அடுத்த வருஷம் பேச்சுப் போட்டியில் அண்ணனுக்குத்தான் முதல் பரிசு. கை தட்டினார்களாம். பரிசு பெற்றவர்களுக்கு அன்று பாயசத்தோடு விருந்து. விறகுக் கொட்டகைக்கும் பாயசம் வந்தது என்று அண்ணன் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் மாறிவிட்டது என்று என் கணவர் சொல்கிறார். மாறியிருக்கட்டும். ஆனால் முதல் பக்கத்தில் அதே வரியை ஏன் இன்னும் போடுகிறார்கள்? கேட்கமாட்டோம் என்பது ஒரு பெருமையா? கேட்கட்டும். என் மகளைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, உன் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்கட்டும். பதிலைக் கேட்ட பிறகும் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு உட்காரட்டும். அதை அச்சடித்தால் நான் நம்புகிறேன். அதுவரை, பெட்டியைத் திறந்து தோலை எடுப்பதா வைப்பதா என்று நான் இப்படித்தான் தடுமாறிக்கொண்டிருப்பேன்.

அன்று மத்தியான வண்டியிலேயே நாங்கள் திரும்பினோம். எனக்கு நைனாமேல் கோபம். பெற்ற பிள்ளையை உறவே இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று. அவரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இன்னாத்துக்குச் சொன்னான்? கம்முனு இருந்திருக்கலாமில்ல? இன்னாத்துக்குச் சொன்னான்?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வார்டனும் அதைத்தான் கேட்டார், நைனாவும் அதைத்தான் கேட்கிறார். இரண்டு பெரியவர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால், தப்பு அண்ணன்மேல்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

திருவண்ணாமலை தாண்டியதும், வெயில் அடிக்கிறது என்று சொல்லி நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெயில் எங்கள் பக்கம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவ்ளோ பெரிய மனுசன் முன்னாடி, நைனான்னு சொல்லிட்டான் பாரு."

தூக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்து, அவர் தூக்கம் கலைந்துவிடாமல் இருக்க, காட்பாடி வரும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.