செகண்ட் பாடுகிறவள்

ஊரில் யாராவது கேட்டால், என் மகள் சென்னையில் இசைக் கல்லூரிக்குத் தேர்வு எழுதப் போனாள் என்று சொல்லிவிடுவேன். அது முழு உண்மை இல்லை. அங்கே எழுத ஒன்றும் கிடையாது, பாடிக் காட்ட வேண்டும். போனதும் அவள் மட்டுமில்லை. அவள், அவளுடைய அப்பா, நான், மூவரும் கப்பல் ஏறிப் போனோம். இப்போது நினைத்தாலும் அந்தப் பயணம் எனக்கு இனிக்கிறது. அப்படி இனிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்பது வேறு விஷயம்.

எங்கள் வீடு, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் தூரத்துத் தீவில், ஜங்லிகாட்டில், ஒரு ஸ்கூட்டர் நுழைந்தால் இன்னொன்று காத்திருக்க வேண்டிய சந்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்தவர். இவர் மீனை விட்டுவிட்டுப் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை போட்டார். நான் நர்சரிப் பள்ளி டீச்சர். நாற்பது குழந்தைகளை அடக்கும் தொண்டை என்னுடையது. அதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க எனக்குத் தெரியாது என்று இவர் சொல்வார்.

எங்கள் தீவில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். விளக்குப் போட்டு, ஜெபமாலை சொல்லி முடித்ததும் பாட்டுத்தான். மெட்டை நான் பாடுவேன். இவர் அடிக்குரலில் பேஸ் பிடிப்பார். மகள் நடுவில் செகண்ட் பாடுவாள். மெட்டை விட்டு இரண்டு மூன்று சுரம் கீழே, அதற்குத் துணையாகவே போகிற குரல் அது. மெட்டோடு சேர்ந்தால் பாட்டு நிறைந்துவிடும். தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்றே பிடிபடாது.

அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆறு வயதில் என் சுதி அவளுக்கு எட்டவில்லை. வேறு குழந்தை என்றால் கத்தும், இல்லை வாயை மூடிக்கொள்ளும். இவள் கீழே தானாக ஒரு வழி கண்டுபிடித்து அதிலே நடந்து வந்தாள். “அரே, நல்லா இருக்கே. அப்படியே வச்சுக்க” என்றேன். அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள், பன்னிரண்டு வருஷம். கோயில் பாடகர் குழுவிலும் அதே ஏற்பாடுதான். நான் முன்வரிசை, அவள் எனக்குப் பின்னால்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், மேற்கத்திய குரலிசை படிக்க வேண்டும் என்றாள். அதற்கு மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். இவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தார். “ஒரு தடவை போவோம். சீட் கிடைச்சாப் படி. கிடைக்கலன்னா இங்கயே பி.காம். அதுக்கு அப்புறம் பாட்டுப் படிப்புன்னு பேச்சே கிடையாது. டீக் ஹை?” என்றார். அவள் தலையாட்டினாள். பி.காம் விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் துணி எடுப்பாள்.

நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாட வேண்டும் என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. வீட்டில் நாங்கள் அதிகம் பாடியிருந்த, பூசையில் பாடுகிற காணிக்கைப் பாட்டைத் தேர்ந்தெடுத்தோம். தேர்ந்தெடுத்தோம் என்று நான் பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். இரண்டு மாதம் தினமும் பயிற்சி நடந்தது. நான் மெட்டு, இவர் பேஸ், அவள் செகண்ட். “அவ தனியாப் பாடிப் பாக்கட்டுமே” என்று இவர் ஒருநாள் மெல்லச் சொன்னார். “மூணு பேரும் சேந்து பாடினாத்தான் அவளுக்குச் சுதி நிக்கும். நீங்க உங்க பேஸைப் பாருங்க” என்றேன். மனிதர், பாவம், பேஸைப் பார்த்தார்.

மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் அடுத்த வீட்டுப் பார்சல் இல்லாமல் போனதாக எங்கள் ஊரில் சரித்திரம் இல்லை. மகனுக்கு ஊறுகாய், தங்கைக்குத் தேங்காய் எண்ணெய் என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர் ஒரு தையல் மிஷினின் தலையைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். தாம்பரத்தில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டுமாம். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. அதையும் வாங்கிக்கொண்டோம்.

கப்பல் சொன்ன தேதியில் கிளம்பவில்லை. அது எங்களுக்குப் புதிதல்ல, அதற்காகவே இரண்டு நாள் முன்கூட்டிக் கணக்குப் போட்டிருந்தோம். அந்த இரண்டு நாளையும் கப்பல் தின்றுவிட்டது. பங்க் வகுப்பில் மேலும் கீழுமாக எங்களுக்குப் படுக்கை. பகலெல்லாம் டெக்கில் உட்கார்ந்து பாடினோம். முதலில் ஒரு பெங்காலிக் குடும்பம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அப்புறம் தெலுங்குக்காரர்கள் நாலைந்து பேர். பாடி முடித்தால் “ஏக் ஔர், ஆன்ட்டி” என்பார்கள், நான் அடுத்ததை எடுப்பேன். காற்றில் மகளுடைய முடியெல்லாம் முகத்தில் விழும், அதை ஒதுக்கிக்கொண்டே பாடுவாள். இவர் காலை நீட்டி, கண்ணை மூடி, பட்டறையையே மறந்து பேஸ் பிடிப்பார். நாங்கள் மூவரும் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னாலும் பாடியதில்லை, அதற்கு அப்புறமும் பாடவில்லை. அந்த மூன்று நாளை யாராவது திருப்பிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த மூன்று நாளிலும் அவள் ஒரு தடவைகூடத் தனியாகப் பாடவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

தேர்வு நாள் காலையில்தான் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினோம். கப்பலிலேயே முகம் கழுவி, புதுச் சுடிதாரை மாட்டிக்கொண்டு, பார்சல்களோடு ஆட்டோ பிடித்து நேரே கல்லூரிக்குப் போனோம். வாசல் காவலாளி சாக்கைத் தொட்டுப் பார்த்து, “இங்க தையல் கோர்ஸ் இல்லம்மா” என்றார். மகள் அதற்குச் சிரித்தாள். அன்று காலையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வராந்தா முழுக்கப் பிள்ளைகள் கோப்பும் கையுமாக நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். கப்பலை விட்டு இறங்கியும் எங்களுக்குத் தரை ஆடிக்கொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டார்கள். என் கையைப் பிடித்து விட்டுவிட்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் பாட்டுக் கேட்டது. எனக்குத் தெரிந்த பாட்டாக அது இல்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நின்றது.

“என்ன இவ, வேற ஏதோ பாடுறா? மறந்துட்டாளா?” என்றேன்.

இவர் காதைச் சாய்த்துக் கேட்டார். “நம்ம பாட்டுத்தான். அவ பாகத்தப் பாடுறா.”

“எந்தப் பாகம்?”

“செகண்ட்” என்றார்.

கதவைத் திறந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். தேர்வு நடத்துபவர்களில் ஒருவர், என் வயது இருக்கும். “இந்தப் பொண்ணோட அம்மா யாரு? அம்மாகூடப் பாடித்தான் பழக்கமாம். உள்ள வாங்க” என்றார். உள்ளே இன்னும் இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியாமப் பாடிட்டேன்மா. மனசுக்குள்ள நீ மெட்டப் பாடிக்கிட்டே இருந்த” என்றாள்.

நான் உடனே கப்பல் தாமதமானது, தூக்கமில்லாதது, தரை ஆடுவது என்று ஆரம்பித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நீங்க மெட்டப் பாடுங்க, அவ அவ பாகத்தப் பாடட்டும்” என்றார். பாடினோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

“இப்ப மாத்திப் பாடுங்க. அவ மெட்டு, நீங்க செகண்ட்.”

வாயைத் திறந்தேன். வந்தது மெட்டுத்தான். நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், மறுபடியும் மெட்டுத்தான். பன்னிரண்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல், அதில் ஒரு வரிகூட எனக்குத் தெரியவில்லை. “தெரியாதுங்க” என்றேன்.

“அப்ப நீங்க கொஞ்சம் பேசாம இருங்க” என்றார் அவர். தினமும் நாற்பது குழந்தைகளிடம் நான் சொல்வது அது. என்னிடம் யாரும் சொன்னதில்லை.

மகள் தனியாக மெட்டை எடுத்தாள். என் சுதியில் எடுத்தாள், இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். உதவிக்கு ஒரு சுரம் கொடுத்தால் போதும், பிடித்துக்கொள்வாள் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவள் நிறுத்தி, மூச்சு விட்டு, நாலு சுரம் கீழே தனக்கு வசதியான இடத்தில் மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை உடையவில்லை. எனக்கு மனப்பாடமான அந்தப் பாட்டு வேறு யாருடையதோ போல இருந்தது, நன்றாகவும் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு முதலில் வந்தது பொறாமை. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு வாரம் சென்னையிலேயே ஒரு விடுதியில் தங்கி, வீடு வீடாகப் பார்சல்களைக் கொடுத்தோம். பட்டியல் வந்தபோது கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. இவர் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் நின்றார். திரும்பும் கப்பலில் நாங்கள் இரண்டு பேர். இவர் பாடுவோமா என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்து, எனக்குச் செகண்ட் சொல்லிக் கொடு என்றேன். எதற்கு என்றாள். கோயிலில் ஆள் இல்லை என்று புளுகினேன். ஆள் இருந்தது. அத்தனை வருஷம் அவள் என்னதான் பாடினாள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாடம் நடக்கும். “அம்மா, மறுபடி மெட்டுக்கு ஏறிட்ட. கீழ வா” என்பாள். நாலு வரி தேறுவதற்குள் “பஸ் கரோ, இன்னைக்குப் போதும்” என்பாள். அவள் அவ்வளவு பொறுமைசாலி என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் டீச்சர், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. கோயிலில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை மெட்டுப் பாடச் சொல்லி முன்னால் நிறுத்திவிட்டு, நான் பின்வரிசைக்குப் போய்ச் செகண்ட் பாடினேன். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. பக்கத்துச் சந்துக்காரி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“என்னக்கா, இன்னைக்கு நீங்க பாடலியா? உடம்புக்கு என்ன, தபியத் சரியில்லையா? உங்க குரலே கேக்கலியே” என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே மகளுக்குப் போன் செய்து, இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன்.

“என்கிட்ட அவங்க ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதத்தாம்மா கேப்பாங்க. நீ பக்கத்துலதான் நிப்ப” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.