மாமனாரை வழியனுப்பிய மூக்கு

போன வாரம் முழுக்க என் மூக்கு ஒரு கல்யாணத்தை மறித்துக்கொண்டு நின்றது. மூக்காவது, கல்யாணத்தை மறிப்பதாவது என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... உங்களுக்கென்ன, உங்கள் வீட்டில் கொழுந்தி உட்கார்ந்து முறைக்கவில்லை.

கொழுந்தி பகவதிக்குத் திருவட்டாற்றில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்தாயிற்று, இரண்டு பேருக்கும் பிடித்தும் போயிற்று. 'வியாழக்கிழமைக்குள் வந்து பேசி முடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்' என்று மாப்பிள்ளையின் தகப்பனார் கார்டு போட்டுவிட்டார். மாமனார் மகளையும் கூட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மறுநாள் காலை இங்கிருந்து திருவட்டாற்றுக்கு பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

மாமனார் சகுனம் பார்க்கிறவர். கொஞ்ச நஞ்சமில்லை... அவர் வருகிறார் என்றால் பூனைகூடத் தெருவைத் தாண்ட யோசிக்கும்.

திங்கள் காலை. திருநீறு பூசி, குடையை எடுத்து, வலதுகாலைப் படியில் வைத்தார். நான் பக்கத்தில் நின்று, "போயிட்டு வாங்க மா... ஹச்!"

ஒற்றைத் தும்மல்! வைத்த காலை எடுத்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். மறுபடி அவர் எழும்புவதற்குள் நல்ல நேரமும் போயிற்று, பஸ்ஸும் போயிற்று.

"மாப்பிள்ளே, வேணும்னு செய்யல்லியே?"

"ஐயோ மாமா! மூக்கு எங்கிட்ட சொல்லிக்கிட்டா தும்முது?"

செவ்வாய்க்கிழமை நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார். புதன் காலை மறுபடி குடை, படி, வலதுகால். நான் துண்டால் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். அடக்கிய தும்மல் சும்மா வருமா? எதிர்வீட்டுக் கோழி கூரையில் ஏறிவிட்டது. மாமனார் செம்பைக் கேட்டார். பகவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

நீர் தெருக்கோடியில் போய் நின்றுகொள்ளலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் மாமனாரிடம் கேட்டேன். "வீட்டு மாப்பிள்ளை நின்னு வழியனுப்பாம யாராவது சம்பந்தம் பேசப் போவாளா? நாலுபேரு என்ன சொல்லுவா?" என்றார். நின்றாலும் குற்றம், போனாலும் குற்றம்!

டாக்டரிடம் ஓடினேன். எங்கள் தெருக்காரர்தான். மூக்கைப் பார்ப்பதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

"எப்பம் தும்முவேரு?"

"மாமா படியிறங்கும்போது."

"அதுக்கு முன்னால வீட்டில என்ன நடக்கு?"

யோசித்தேன். சட்டென்று விளங்கியது. ஒருவர் பயணம் போனபிறகு வீட்டைப் பெருக்கக் கூடாதல்லவா? அதனால் மாமனார் குடையை எடுப்பதற்கு முன்பே என் சம்சாரம் வாரியலை எடுத்துவிடுகிறாள். இதுவோ அறுவடை முடிந்த மாசி மாதம்... உள்ளறையில் புதுநெல், முற்றத்தில் வைக்கோல். அவள் போடுகிற போட்டில் பதர்த் தூசியெல்லாம் எழும்பி நேரே என் மூக்குக்குள் குடியேறும். நான் தும்ம, அவர் உட்கார, மறுபடி அவர் கிளம்ப, மறுபடி இவள் பெருக்க — அவர் போகவேண்டும் என்று பெருக்கிப் பெருக்கியே அவரைப் போகவிடாமல் செய்துகொண்டிருந்தோம்!

"இதுக்குப் பேரு அலர்ஜி ஓய்," என்றார் டாக்டர். "தூசியைக் கிளப்பப்பிடாது. ஈரத்துணியால துடைக்கச் சொல்லும். பாய், தலையணையெல்லாம் வெளிய கொண்டுபோய் தட்டி வெயில்ல போடும். விரிப்பைக் கொதிதண்ணியில அலசும். ஒட்டடையும் அடிக்கணும்... நீரு அடிச்சிராதேயும், வேற ஆளு அடிக்கட்டும்."

வீட்டில் வந்து சொன்னேன். "பெருக்காம துடைக்கவா? மூதேவியைக் குடிவைக்கவா?" என்று சம்சாரம் வாரியலை ஓங்கினாள் — தரையைப் பார்த்துத்தான். அலர்ஜி என்று இங்கிலீஷில் சொன்னதும் கை இறங்கியது.

"பெரிய சீக்கா?"

"இங்கிலீஷ்ல பேரு வச்சிருக்கான்னா பாத்துக்கயேன்!"

சாத்தின கதவு திறந்தது. பகவதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். "அக்கா, வாளியை எடு. அத்தான், நீங்க சாயங்காலம் வரைக்கும் வீட்டுப் பக்கம் வராதீங்க."

சாயங்காலம் வந்து பார்த்தால்... ஜன்னல் கம்பி, அலமாரி உச்சி, சாமி படத்தின் சட்டம், ஒன்றையும் விடவில்லை. வாளித் தண்ணீரை எட்டுத் தடவை மாற்றினார்களாம், எட்டாவதும் கலங்கல்தானாம். இத்தனை அழுக்கோடா குடித்தனம் பண்ணினோம்? தினமும் இரண்டு வேளை பெருக்குகிறோம் என்று பெருமை வேறு! தூசியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் அலமாரி உச்சியையும் ஒருதரம் விரலால் தடவிப் பாருங்களேன்.

வியாழன் காலை. கடைசி நாள். தரையில் ஈரம் மினுங்கியது. என் மூக்கு என்றைக்கும் இல்லாத சமர்த்தாக இருந்தது. மாமனார் குடையை எடுத்தார், வலதுகாலைத் தூக்கினார்...

சம்பந்தம் பேசப் போகிறோமே என்று டிரங்குப் பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த கரைபோட்ட நேரியல் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதை ஓர் உதறு உதறித் தோளில் போட்டார்.

"ஹச்!"

கால் அந்தரத்தில் நின்றது. "செம்பு..." என்று ஆரம்பித்தார். பகவதி பாய்ந்து வந்தாள். அப்பா தோளிலிருந்த நேரியலை உருவி, என் மூக்குக்கு நேரே படபடவென்று உதறினாள்.

"ஹ... ஹச்!"

"அப்பா, ரெண்டு! ஒத்தத் தும்மல்தானே ஆகாது? ரெட்டைத் தும்மல் நல்ல சகுனம்லா! இறங்குங்க, பஸ் போயிரும்!"

மாமனார் விரலை மடக்கி எண்ணினார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. இறங்கிவிட்டார்.

எனக்கோ மூன்றாவது முட்டிக்கொண்டு வருகிறது. "அத்தான், இன்னும் ஒண்ணு வந்துது..." என்று பல்லைக் கடித்தபடி பகவதி அந்த நேரியலாலேயே என் மூக்கைப் பொத்தினாள். அப்பா தெருமுனை திரும்பும்வரை விடவில்லை. என் கண்ணில் தண்ணீர். அவள் கண்ணிலும்தான்.

வைகாசியில் கல்யாணம். தாலி கட்டும் நேரம் என்னை எங்கே உட்காரவைப்பது என்று வீட்டில் இப்போதே பேச்சு நடக்கிறது. பந்தலுக்கு வெளியே என்கிறார் மாமனார். பக்கத்து வீட்டில் என்கிறாள் சம்சாரம். பகவதிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அத்தான் எம்பக்கத்திலயே இருக்கட்டும். ஒண்ணு வந்தா, ரெண்டாவதை நான் வரவச்சுக்கிடுதேன்."