என் மனைவிக்குப் பின்னிய காலுறை

தொண்ணூறுகளில் திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டீ ஷர்ட் காலர் பின்னும் மெஷின் ஓட்டினேன். சர்க்கரை நோயுள்ள என் மனைவிக்குக் கால்கள் வீங்கின. டாக்டரம்மா பாதத்தில் நாடி பார்த்துவிட்டு, இறுக்கமான காலுறை வாங்கிப் போடச் சொன்னார். திருப்பூர்க்காரன் காலுறையைக் கடையில் வாங்குவதா என்று நானே பின்னினேன். நழுவக் கூடாதென்று மேல்விளிம்பை நன்றாக இறுக்கிவிட்டேன்.

மாலையில் கழற்றினால், முழங்காலுக்குக் கீழே தோல் கன்றிச் சிவந்திருந்தது. பாதம் முன்னைவிட வீங்கியிருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லீங்க, ஒண்ணுமே தெரியலீங்களே."

அந்தப் பதிலைக் கேட்டதும் அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா திட்டித் தீர்த்தார். "சக்கரையில காலு மரத்துப்போச்சுங்க, வலி எப்படித் தெரியும்? கணுக்கால்லதான் இறுக்கம் வேணும். மேல போகப் போகத் தளரணும்."

தோல் ஆறிய பிறகு, கடையில் வாங்கச் சொல்லி அவர் அளந்து கொடுத்தபடி, மேலேறும்போது பின்னல் கண்ணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். மூன்று முறை பிரித்துப் பின்னினேன். அவள் காலில் போட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, "எந்தக் கடைங்க?" என்றார் டாக்டரம்மா.

"எங்கூட்டுக்காரரு பின்னுனதுங்க" என்றாள் என் மனைவி, தலையை நிமிர்த்தி.

நான் பின்னிய காலர்கள் எந்தெந்த நாட்டில் யார் யார் கழுத்துக்குப் போயினவோ, தெரியாது. இன்னாருக்கென்று தெரிந்து நான் பின்னியது அந்தக் காலுறை ஒன்றுதான்.