உரச் சாக்குக்காரன் காட்டிய கை

கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் செங் ஊர்ப் பக்கம் போய்ப் பரமேஸ்வரனையே கேட்டுக்கொள்ளலாம். அவன் சத்தியம் எல்லாம் செய்ய மாட்டான். தேதியையும் நேரத்தையும் சொல்லுவான், அவ்வளவுதான். 1996, டிசம்பர் 14, சனிக்கிழமை. அன்றோடு ஜீப் ஓட்டுவதை விட்டவன்.

புலாவ் செபாங் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை எஸ்டேட் ஒன்று. மூன்று நாள் மழையில் செம்மண் பாதை சோறு மாதிரிக் குழைந்து கிடந்தது. அதில் ஜீப்பை ஏற்றி இறக்கிப் பார்க்கும் ஆசையில் பரமேஸ்வரனும் அவன் அக்கா புருஷன் கணேசமூர்த்தியும் போனார்கள். மாலை 4.35. வலது பக்கச் சக்கரங்கள் இரண்டும் வழுக்கிப் பாதையோரப் பாயாவில் இறங்கின. பாயா பார்ப்பதற்குப் புல்தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் இடுப்பு வரைக்கும் விழுங்கும் சேற்று நிலம். ஓட்டுநர் பக்கக் கதவு சேற்றில் புதைந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் போன வாரமே பழுது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி இன்னும் கீழே நழுவும்.

கணேசமூர்த்தி லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். பதறவில்லை. முன்னால் பாதையோரம் நின்ற பழைய ரப்பர் மரத்தில் நைலான் பட்டையைச் சுற்றி, ஜீப்பின் முன்னால் இருந்த விஞ்ச் என்ற இழுவை உருளையின் கேபிள் கொக்கியை அதில் மாட்டினார். அறுந்தால் எகிறி அடிக்காமலிருக்க, கேபிளின் நடுவில் கனமான சாக்கு ஒன்றைப் போட்டார்.

"சக்கரத்துக்கு அடியில பலகை இல்லாம இழுத்தா கேபிள் பிச்சுக்கும். லயத்து வீட்டுப் பக்கம் போயி பலகை, முடிஞ்சா டிராக்டரும் கொண்டாறேன். அரை மணி நேரம்."

"சீக்கிரம் வாங்க மச்சான். காலு மரத்துப் போச்சு."

"கால எடுத்தேன்னு வையி, பாயாதான் ஒனக்கு வீடு. ஒங்கக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது லா. நான் வந்து கை காட்டுற வரைக்கும் சுவிட்சத் தொடாத. என் கைய மட்டும் பாரு."

எஸ்டேட்காரர்கள் மழைக்குச் செய்வதைப் போல, உரச் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் முக்காடாகக் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். மணி 4.50.

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. சாய்ந்த வண்டிக்குள் பரமேஸ்வரன் கதவோடு ஒட்டிக் கிடந்தான். ஒரு கால் பிரேக்கில். ஒரு கையில் விஞ்ச் சுவிட்ச்.

5.04. சாக்கு முக்காடு போட்ட ஆள் முன்னால் வந்து நின்றார். மழை கண்ணாடியில் வழிந்தது. முகம் தெரியவில்லை.

கால் மணி நேரம்கூட ஆகவில்லையே... ஓடியே போய் வந்துவிட்டாரா? பலகை எங்கே?

கை உயர்ந்தது. இழு.

அந்தக் கையை மட்டும் பார் என்றுதானே சொன்னார். சுவிட்சை அழுத்தினான்.

க்ர்ர்ர்ர்...

வண்டி அசைந்தது. பாதைப் பக்கம் ஏறவில்லை. வலது பக்கம் இறங்கியது. கதவிடுக்கில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்தது. சட்டென்று விரலை எடுத்தான்.

5.09. மழை விட்டது. அந்தச் சாக்கிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கேபிளைக் கவனித்தான். அது ரப்பர் மரத்துக்குப் போகவில்லை. வலப்பக்கமாக வளைந்து... பாயாவுக்குள் போனது.

ஆள் ஒரு காலைத் தூக்கிக் கேபிளைத் தாண்டி வைத்தார்.

விறைத்த கேபிளை மச்சான் தாண்டவே மாட்டார். தாண்டினவனைப் பட்டறையில் செருப்பால் அடித்தவர்.

"மச்சான்... தள்ளி நில்லுங்க."

கை மட்டும். இழு... இழு...

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. இழுக்காவிட்டால் மூழ்கலாம். இழுத்தால்?

சுவிட்சைக் கீழே போட்டான்.

க்ர்ர்...

விஞ்ச் தானாகச் சுற்றியது.

வண்டி ஒரு சாண் இறங்கியது.

கண்ணை மூடிக்கொண்டான்.

5.26. பின்னால் டிராக்டர் சத்தம்.

அதன் மேல் மச்சானும், எஸ்டேட் ஆட்களை மேய்க்கும் மண்டோர் மணியமும். முன்னால் யாரும் இல்லை.

"யாருடா ஒன்ன இழுக்கச் சொன்னது?"

"நீங்கதான மச்சான் கை காட்டினீங்க."

கணேசமூர்த்தி ரப்பர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். மரத்தில் பட்டை வெறுமனே தொங்கியது. டிராக்டரின் சங்கிலியை ஜீப்பின் பின்னால் மாட்டிவிட்டு, மணியம் விஞ்ச் பிடியைத் தளர்த்தினார். கேபிள் தளரவில்லை. ஊர்ந்து ஊர்ந்து, கடைசி முழம் வரைக்கும் தானாகவே பாயாவுக்குள் போனது.

"ஏத்துங்கய்யா வண்டிய," என்றார் மணியம்.

செவ்வாய்க்கிழமை எஸ்டேட் நிர்வாகம் மண்வாரி இயந்திரத்தை வைத்துப் பாயாவைத் துழாவி, அந்தக் கேபிளைப் பிடித்து இழுத்தது. மூன்று மணி நேரம். மேலே வந்தது ஒரு லாரி. 1989-இல் உரம் ஏற்றி வந்த வழியிலேயே காணாமல் போனது. ஓட்டுநர் பெயர் இருளாண்டி. லாரியை விற்றுவிட்டுத் தாய்லாந்துக்கு ஓடிவிட்டான் என்று ஏழு வருஷமாக ஊரே பேசியது. அவர் சீட்டிலேயே இருந்தார். எலும்பாக.

கதவுகள் இரண்டும் சேற்றில் இறுகிக் கிடந்தன. கண்ணாடிகள் உடையவில்லை. ஒரு பக்கக் கண்ணாடியின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கேபிள் அதன் வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. ஜீப்பின் கொக்கி, ஒரு ஆளின் முஷ்டி பருமன், உள்ளே ஸ்டீயரிங்கைச் சுற்றி மாட்டியிருந்தது.

கண்ணாடியை உடைத்துத்தான் அதை வெளியே எடுக்க முடிந்தது.