கொழுந்தன் எடுத்த சாவி

என் கணவரின் கருமாதி முடிந்த அன்றே அவருடைய த்ரீவீல் ஆட்டோவின் சாவியைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்பதால்தான் பதிவு அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனான்.

"அங்க எல்லாம் சிங்களம் அண்ணி. நீங்க பேசாம நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

இறந்தவரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான் வண்டியில் உரிமை, மனைவிக்குச் சம்மதமா என்று கவுன்டரில் இருந்த பெண் சிங்களத்தில் கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் வெளங்காது. காட்டுற எடத்துல கையெழுத்து போட்டுருவா" என்று அவனும் சிங்களத்திலேயே சொன்னான். அண்ணி என்று கூப்பிட்ட அதே வாய்.

கல்யாணத்துக்கு முன் கொழும்பில் சிங்களவர் வீடுகளில் வேலை செய்து பிழைத்தவள் நான்.

"எனக்குச் சம்மதம் இல்ல மிஸ். வண்டி எனக்கும் என் மகளுக்கும் வேணும்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்திரங்களை என் பக்கம் தள்ளினாள்.

வெளியே வந்ததும், "சிங்களம் தெரியும்னு ஏன் சொல்லல?" என்று கத்தினான்.

"யாரு கேட்டீங்க? சாவியக் குடுங்க" என்றேன். கொடுத்தான்.

அதுவரை தோட்டத்து லயத்து வீட்டில் அவன் வீட்டார் என்னை வைத்துக்கொண்டே சிங்களத்தில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது நான் வந்தாலே வாயை மூடிக்கொள்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.